ஹோல்டன் எச்கியூ: 3500 ஸ்டால் கன்வெர்ட்டர் ரோட்டுக்கு ஒத்து வருமா?

ஈசூன் வி8
வணக்கம். சிங்கப்பூர் கிளாசிக் வாகனத் திட்டத்தில் வருஷம் 45 நாள் ஓடும் வண்டி. செவி 350 எஞ்சின், கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) 0.050 அங்குலத்தில் 224 டிகிரி, டர்போ 350 கியர்பாக்ஸ், பின் ஆக்சில் 3.08, டயர் உயரம் 66 செ.மீ. டி-யில் (டிரைவ்) போட்டு சிவப்பு விளக்கில் நின்றால் எஞ்சின் குலுங்கி அணையப் பார்க்கிறது. பச்சை விழுந்து மிதித்தால் 2000 ஆர்பிஎம் வரை ஒரே சோம்பல். கன்வெர்ட்டர் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் பாகம்) விற்பவர் 3500 ஸ்டால் எடுக்கச் சொல்கிறார், அதாவது சுமார் 3500 ஆர்பிஎம் வரை வழுக்கவிட்டுப் பிறகு இறுகுவது. எடுக்கலாமா?

பழைய இரும்பு
வேண்டாம்ணே, அது டிராக் வண்டிக்கு. கணக்குப் போட்டுப் பாருங்க: மணிக்கு கி.மீ. வேகம் × 5.3 × ஆக்சில் விகிதம், அதை மீட்டரில் டயர் உயரத்தால் வகுக்கணும். 90-இல் உங்க எஞ்சின் 2220 சொச்சம்தான் சுற்றும். எக்ஸ்பிரஸ்வேயில் அதுக்கு மேலே போகவும் வழியில்லை. 3500 கன்வெர்ட்டர் அந்தச் சுற்றில் இறுகிப் பிடிக்காது. வழுக்குகிற வழுக்கல் எல்லாம் எண்ணெயில் சூடாக இறங்கும். சாதாரண டர்போ 350-இல் வழுக்கலை நிறுத்திப் பூட்டும் லாக்-அப்பும் கிடையாது.

உங்க கேமுக்கு 2400–2600 போதும். டி-யில் நிற்கும்போது வரும் குலுக்கலும் குறையும். ஆனா பெட்டிமேல் அச்சடித்த எண்ணை நம்பாதீங்க. ஸ்டால் எஞ்சினின் டார்க்கைப் பொறுத்தது. ஆறு சிலிண்டருக்குப் பின்னால் 2000 காட்டுவது பெரிய வி8-க்குப் பின்னால் 2800 காட்டும். எடை, கேம், ஆக்சில், டயர் எல்லாம் சொல்லி ‘ஃப்ளாஷ் ஸ்டால் (நின்ற இடத்திலிருந்து முழுசா மிதிச்சா எகிறும் ஆர்பிஎம்) எவ்வளவு’ன்னு கேளுங்க. பிரேக்கை மிதிச்சுப் பார்க்கிற எண் அதைவிடக் குறைவாத்தான் வரும். அந்தச் சோதனையை 3 நொடிக்கு மேல் நீட்டினா எண்ணெய் வெந்துடும்.

கிராஞ்சி கியர்
எண் சரி. ஆனா என்னைக் கேட்டா முதலில் ஆக்சிலை 3.55 ஆக்குங்க. 90-இல் 2570 சுற்றும். 2400 கன்வெர்ட்டர் அங்கே நன்றாகப் பிடிக்கும். பெட்ரோல் கொஞ்சம் கூடத்தான் குடிக்கும், வருஷம் 45 நாளுக்கு அது ஒரு கணக்கா!

கூலர் இல்லாமல் தொடவே கூடாது. 32 டிகிரி வெயிலில், பிஐஇ எக்ஸ்பிரஸ்வே நெரிசலில் ஊர்ந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் சின்ன கூலர் தாங்காது. எண்ணெய் முதலில் ரேடியேட்டர், பிறகு ஃபேன் வைத்த ஸ்டாக்டு பிளேட் (அடுக்குத் தகடு) கூலர், பிறகு கியர்பாக்ஸ் என்று போகட்டும். கன்வெர்ட்டரிலிருந்து வெளியே வரும் குழாயில் சென்சார் போட்டால் சூடு ஏறுவது உடனே தெரியும். கியர்பாக்ஸின் அடி எண்ணெய்த் தொட்டியில் 80–95 டிகிரி நல்லது. 120 தாண்டி ஓட்டினால் எண்ணெய் கருத்து, சீல் இறுகி, கிளட்ச் கருகும்.

ஈசூன் வி8
நன்றிண்ணே. மாட்டும்போது எதில் கவனம்?

பழைய இரும்பு
கன்வெர்ட்டருக்குள் ஒரு லிட்டர் ஏடிஎஃப் (ஆட்டோ கியர்பாக்ஸ் எண்ணெய்) ஊற்றி, சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளுங்க. ஸ்ப்ளைன் (தண்டின் பற்கள்) இரண்டும் கியர்பாக்ஸ் பம்ப்பும் ஒன்றொன்றாகப் பிடித்து ‘டொக்’னு இறங்கணும். பெல்ஹவுசிங்கை (கியர்பாக்ஸின் முன்கூட்டை) எஞ்சினோடு போல்ட் போட்டு முடித்ததும் கன்வெர்ட்டர் கையால் சுற்றணும். ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் (எஞ்சின் தண்டின் பின்னால் இருக்கும் தகடு) கன்வெர்ட்டருக்கும் 3–5 மி.மீ. இடைவெளி வேணும். இடைவெளியே இல்லைன்னா பம்ப்பில் முழுசா உட்காரலை. அப்படியே போல்ட்டால் இழுத்தா முதல் ஸ்டார்ட்டிலேயே பம்ப் உடையும். 5-க்கு மேலே இருந்தா வாஷர் வைங்க. ஃப்ளெக்ஸ்பிளேட் போல்ட் நீளமா இருந்தா கன்வெர்ட்டர் முன்தகட்டைக் குத்திடும், அளந்து போடுங்க.

கிராஞ்சி கியர்
பழைய கன்வெர்ட்டர் எண்ணெயில் இரும்புத்தூள் மின்னினால் கூலர் குழாயையும் கழுவாமல் புதுசை மாட்டாதீங்க. ஆக்சில் மாற்றுமுன் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.