வீட்டுக்கு அடியில் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது

தவழும் மனிதன்

கிரால் ஸ்பேஸில், அதாவது வீட்டுத் தரைக்கு அடியில் தவழ்ந்து போகிற இடைவெளியில், டீஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை இழுத்துத் தண்ணீராக்கும் மெஷின்) வைத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். என்னுடையதை முதலில் கொட்டிவிடுகிறேன். மூன்று வாரமாக மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

பின்னணியெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். செருப்பு அலமாரியைத் திறந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை, கீழே மீட்டர் வைத்தால் ஈரப்பதம் 80க்கு மேல். அறைக்குள் வைக்கிற சாதாரண டீஹியூமிடிஃபையர் ஒன்றை வாங்கிக் கீழே தள்ளினேன். முதல் வாரம் டியூபில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. வாடை போய்விட்டது. வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன். அதோடு சரி, எட்டிப் பார்க்கவே இல்லை. இரவில் படுத்தால் தரைக்கு அடியிலிருந்து லேசாக ஒரு ரீங்காரம் கேட்கும். அது கேட்டால் போதும், நிம்மதியாகத் தூங்கிவிடுவேன்.

குளிர் ஆரம்பித்து ஒரு மாதம் இருக்கும். “மறுபடி அந்த வாடை வருதுங்க” என்றாள் மனைவி. “மெஷின் ஓடுற சத்தம் கேக்கலையா?” என்றேன். அவள் பதில் பேசாமல் தன் கறுப்புச் செருப்பை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். வாரின் உள்பக்கம் திருநீறு பூசினாற்போல் பூசணம்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தவழ்ந்து போனேன். காற்றாடி சுற்றுகிறது. பச்சை விளக்கு எரிகிறது. டியூப் மட்டும் காய்ந்து கிடக்கிறது. ஃபில்டரைக் கழற்றினேன். ஈரத்தைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் குழாய்ச்சுருள், அந்தக் ‘காயில்’ இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைவெளேரென்று ஒரு பனிக்கட்டிப் பாளம். நகத்தால் தட்டினேன். டொக்.

அன்று கீழே 11 டிகிரி. எத்தனை நாளாகப் பனிக்கட்டிக்குக் காற்று வீசிக்கொண்டிருந்ததோ தெரியவில்லை. மின்கட்டணம் போனது கூடப் பெரிதில்லை. சத்தம் கேட்கிறது என்று அவளிடம் அவ்வளவு உறுதியாகச் சொன்னேனே, அதுதான்.


பெட்டி படுக்கை

உங்களுடையதாவது ஓடியது. எங்களுடையது ஓடவே இல்லை.

பதினாறு நாள் வெளியூர் போயிருந்தோம். நடுவில் எப்போதோ கரண்ட் போய் வந்திருக்கிறது. சமையலறைக் கடிகாரம் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்ததை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். ஃப்ரிட்ஜ் தானாக எழுந்துகொண்டது, டீஹியூமிடிஃபையர் எழவில்லை. எங்கள் மாடலில் யாராவது போய் பட்டனை அழுத்தினால்தான் உண்டு. வாங்கும்போது இதைக் கேட்க யாருக்குத் தோன்றும்?

அடியில் மகளுடைய மரத்தொட்டில் இருந்தது. மேலே போர்வை போர்த்தித்தான் வைத்திருந்தேன். டார்ச் வெளிச்சம் பட்டதும் யாரோ வெள்ளை முயல்தோலைப் போர்த்திவிட்டுப் போன மாதிரி இருந்தது. போர்வை முழுக்கப் பூஞ்சை, விரல்கணு உயரத்துக்கு. ஊதினால் அசைந்தது. ஊதியிருக்கக் கூடாது, இரண்டு நாள் தும்மினேன்.

தொட்டிலைத் துடைத்துக் காயவைத்துவிட்டேன். ஆனாலும் இப்போது அதில் யாரையும் படுக்கவைக்க மனம் வரவில்லை.


திறந்த ஜன்னல்

இதெல்லாம் தேவையில்லாத செலவு. அடித்தளச் சுவரில் காற்றுத்துளைகளை எதற்கு வைத்திருக்கிறான்? திறந்து விடுங்கள், காற்று வந்து போனால் ஈரம் தானாகப் போகும். என் வீட்டில் பன்னிரண்டு வருடமாக மெஷினும் இல்லை, பூஞ்சையும் இல்லை. ஒரே ஒரு தடவை கீழே இறங்கினேன், அதுவும் பூனையைத் தேடி. மண் பவுடர் மாதிரி இருந்தது. மூடி வைத்தால் எதுதான் நாறாது?


ஈரக்கை

திறந்த ஜன்னல் ஐயா, உங்கள் பகுதியில் காற்றே வறண்டிருக்கும். அதிர்ஷ்டம். அதை எல்லோருக்கும் விதியாக்காதீர்கள்.

நானும் அப்படித்தான் நம்பினேன். கொளுத்துகிற கோடையில் துளைகளையெல்லாம் திறந்துவிட்டு, காற்றை உள்ளே இழுக்க ஒரு மின்விசிறி வேறு வைத்தேன். மூன்றாம் நாள் குழாய் ஒன்றைப் பார்க்க மத்தியானம் உள்ளே போனால் கழுத்தில் சொட்டென்று ஒரு துளி விழுகிறது. குழாய்தான் ஒழுகுகிறது என்று நினைத்து நிமிர்ந்தேன். ஒரு குழாய் இல்லை, எல்லாக் குழாயும் வியர்த்திருந்தது. ஏசி காற்று போகும் டக்டின் அடிப்பக்கம் முழுக்க முத்து கோத்த மாதிரி துளிகள். தரையைத் தாங்கும் கட்டைகளுக்கு நடுவே செருகியிருந்த கண்ணாடிப்பஞ்சு நனைந்து கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தனை தண்ணீரும் நான் விசிறி போட்டு வரவேற்று உள்ளே கொண்டுவந்தது.

கணக்கு எளிது. வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது அதன் ஈரம் தண்ணீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 21 டிகிரி. கீழே குழாயோ சுவரோ 18, 19 டிகிரியில் இருந்தால் அதன்மேல் பட்ட காற்று தண்ணீராகத்தான் ஆகும். குளிர்ந்த நீர் ஊற்றிய சொம்பு வெளிப்பக்கம் வியர்க்கவில்லையா, அதேதான். துளைகளைத் திறந்துவைத்துக்கொண்டு மெஷினும் போடுபவர்கள் வானத்தை உலர்த்தப் பார்க்கிறார்கள்.


திறந்த ஜன்னல்

என் வீட்டில் வியர்க்கவில்லை. அவ்வளவுதான் சொன்னேன்.


கொத்தனார் பேரன்

என் கதை சின்னது. ஒரு நண்பர் வீட்டில் டீஹியூமிடிஃபையர் இராப்பகலாக ஓடியும் ஈரப்பதம் 70க்குக் கீழே இறங்கவில்லை, ‘மெஷின் சரியில்லை’ என்று இரண்டாவது மெஷினும் வாங்கிவிட்டார். நான் கூடப் போய்த் தவழ்ந்தேன். ஒரு மூலையில் மண்மேல் சாம்பல் நிறத்தில் மெத்தை மாதிரி ஏதோ. தொட்டால் பஞ்சு, வெதுவெதுப்பாக இருந்தது. துணி உலர்த்தும் ட்ரையரின் குழாய் வெளிச்சுவருக்குப் போகாமல் பாதியில் கழன்று கீழேயே ஊதிக்கொண்டிருந்தது. ஒரு தடவை துணி போட்டால் இரண்டு லிட்டர் தண்ணீராவது ஆவியாக வரும். மேலே அவர் அம்மா துணி உலர்த்த, கீழே இரண்டு மெஷின் அந்தத் துணியையே மறுபடி பிழிந்துகொண்டிருந்தன.

அதனால் தவழும் மனிதன் தம்பிக்கு என் யோசனைகள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், மெஷின் பிறகு. 100 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,500 லிட்டர். கூரைத் தண்ணீர்க் குழாய் அதைச் சுவரடியிலேயே கொட்டினால் எந்த மெஷினும் தாங்காது. குழாயை நீட்டித் தள்ளி விடுங்கள். மண் சுவரிலிருந்து வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும், மூன்று மீட்டருக்கு 15 சென்டிமீட்டராவது. அப்புறம் தரை. வெறும் மண் என்றால் அது ஓயாமல் மூச்சுவிடும். கெட்டியான பாலிதீன் ஷீட், ஒன்றின்மேல் ஒன்று ஒரு சாண் அகலத்துக்கு மேல் ஏறும்படி, டேப் ஒட்டி, சுவரிலும் கொஞ்சம் ஏற்றி. மெல்லிய ஷீட் வாங்காதீர்கள், நீங்களே முழங்காலால் கிழித்துவிடுவீர்கள். நான் கிழித்திருக்கிறேன்.

மெஷினுக்கு வருவோம். காயிலைக் காற்றின் பனிநிலைக்குக் கீழே குளிர்வித்தால்தான் தண்ணீர் இறங்கும். சுற்றிலுமே குளிர் என்றால் காயில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்ப் பனி பிடிக்கும். அறை மெஷின்கள் பலவும் 18 டிகிரிக்குக் கீழே திணற ஆரம்பிக்கும், உங்களுக்கு நடந்தது அதுதான். தானே பனி உருக்கிக்கொள்கிற வகை வேண்டும். ரொம்பக் குளிர் என்றால் ஈரம் உறிஞ்சும் சக்கரம் வைத்த வகை. பெட்டியில் போட்டிருக்கும் லிட்டரை நம்பாதீர்கள். பல மெஷின்களில் அது 30 டிகிரி, 80 சதவீதத்தில் அளந்தது. உங்கள் குளிர்ந்த கிரால் ஸ்பேஸில் பாதி வந்தாலே பெரிது. டியூப் வழி நெடுக இறக்கமாக இருக்கட்டும், நடுவில் தொப்பை விழுந்தால் பாசி பிடித்து அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் வெந்நீர் ஊற்றுங்கள்.

மீட்டரையும் சோதியுங்கள். ஒரு மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் சகதியாகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் ஏழு கூட்டிப் படியுங்கள். காற்றின் ஈரப்பதம் 50லிருந்து 55க்குள் இருந்தால் போதும், ரொம்பக் கீழே இழுக்காதீர்கள், மேலே பலகைத் தரை இடைவெளி விட்டுப் பிளக்கலாம். கட்டையில் மரத்தின் ஈரத்தை அளக்கும் ஊசி மீட்டரைக் குத்திப் பாருங்கள், 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் கவலைப்பட வேண்டியதுதான்.

துளைகளை அடைக்கும் முன் ஒன்று. கீழே கேஸ் வாட்டர் ஹீட்டரோ அடுப்பு மாதிரி எரிகிற வேறு எதுவுமோ இருந்தால் அது அந்தத் துளை வழியாகத்தான் மூச்சுவிடுகிறது. அடைத்தால் புகை திரும்பி வீட்டுக்குள் வரலாம், அதில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு. விவரம் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் கை வைக்காதீர்கள்.


பெட்டி படுக்கை

அண்ணே, தம்பி அனுபவம்தான் கேட்டார், நீங்கள் பாடப்புத்தகமே போட்டுவிட்டீர்கள். உப்பு விஷயம் மட்டும் இன்றைக்கே செய்து பார்க்கிறேன்.


உப்புமூட்டை

உப்பு என்றதும் எழுதத் தோன்றியது. கீழே சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையாக இருந்ததைப் பார்த்துவிட்டு, வந்த ஆள் “பூஞ்சை முற்றிப்போச்சு, மொத்தமா மருந்தடிச்சு மூடணும்” என்று ஒரு தொகை சொன்னார். பணத்துக்கு ஏற்பாடும் செய்துவிட்டேன். அதற்கு முந்தின நாள் என் மாமியார், முட்டிவலியோடு அவரே உள்ளே போய், செடிக்குத் தெளிக்கிற பாட்டிலால் சுவரில் தண்ணீர் அடித்தார். வெள்ளை மறைந்துவிட்டது. “இது பூசணமில்ல மாப்ள, ஓதம். உப்புப் பூத்திருக்கு” என்றார். சுவர் உறிஞ்சிய தண்ணீர் காயும்போது விட்டுப் போன உப்பு, அவ்வளவுதான். பூஞ்சை தண்ணீரில் கரையாது.

ஈரம் இருந்தது உண்மை, அதைப் பிறகு சரிசெய்தோம். ஆனால் அந்த ஆளுக்கு எதிரே நான் தலையாட்டிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.


தவழும் மனிதன்

எல்லோருக்கும் நன்றி. ஈரக்கை எழுதியதைப் படித்த அன்றே, சனிக்கிழமை, வெளியே இறங்கித் துளைகளுக்கு ஃபோம் பலகை வெட்டி அடைத்தேன். ஐந்து முடித்து ஆறாவதைக் கையில் வைத்திருக்கும்போது போனில் கொத்தனார் பேரன் அண்ணனின் கடைசிப் பத்தி. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வாட்டர் ஹீட்டர் கேஸ்தான். கீழேதான் இருக்கிறது, மெஷினிலிருந்து நாலடி தள்ளி. ஐந்தையும் பிடுங்கிப் போட்டேன். கார்பன் மோனாக்சைடு காட்டும் கருவி மேலே இருக்கிறது, கத்தவில்லை. ஆனாலும் அன்று இரவு எல்லோரையும் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுக்கச் சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை.

கேஸ் ஆள் வியாழக்கிழமை வருகிறார். அதுவரை துளைகள் திறந்தேதான்.


திறந்த ஜன்னல்

நான் முதலிலேயே சொன்னேன்.


ஈரக்கை

ஐயா, நீங்கள் சொன்ன காரணம் அதுவல்ல. தம்பி, அவசரப்பட்டு என் பேச்சைக் கேட்டதற்கு என்னை மன்னிக்க வேண்டும். என் வீட்டில் எல்லாமே மின்சாரம், எழுதும்போது அது தோன்றவே இல்லை.


தவழும் மனிதன்

பரவாயில்லை, நான்தான் கடைசிவரை படித்திருக்க வேண்டும். இன்னொன்றும் கண்டுபிடித்தேன். பின்பக்கம் கூரைத் தண்ணீர்க் குழாயின் முழங்கை கழன்று ஒரு புதருக்குள் கிடந்தது. எத்தனை மழை அந்த வழியாக உள்ளே இறங்கியதோ. மாட்டிவிட்டேன். மீட்டர் உப்புப் பையில் 71 காட்டியது, ஆகவே நாலு கூட்டிக்கொள்கிறேன். நேற்று 78, இன்று காலை 74. மெஷினை அணைத்து வைத்திருக்கிறேன், வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது, தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது.