‘சோக்’குக்குத் தமிழ்: வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரு முடிவு வேண்டும்

பயிற்றுநர், மட்டக்களப்பு:

எல்லோருக்கும் வணக்கம். மோட்டார் சைக்கிள் திருத்துநர் பாடநெறிக்கான கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘குளிரில் ஸ்டார்ட் ஆகாத எஞ்சின்’ என்ற பாடம் ஒரே ஒரு சொல்லால் தடைப்பட்டு நிற்கிறது: ‘சோக்’ (choke), குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும் பாகம். மூலநூல் பனி கொட்டும் நாட்டுக்காக எழுதப்பட்டது. இங்கே மார்கழி விடியலிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. என்றாலும் பாடத்தை விட்டுவிட முடியாது. படித்து முடித்து வெலிமடை, நுவரெலியாப் பக்கம் வேலைக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே தை, மாசியில் புல்லில் உறைபனி படியும்.

வரைவில் சோக்குக்கு ‘மூச்சடைப்பி’ என்று வந்திருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா?

தமிழாசிரியர் (ஓய்வு), காரைதீவு:

தம்பி, ‘மூச்சடைப்பி’ வேண்டாம். மூச்சு உயிருள்ளதற்கு உரியது. எஞ்சினுக்குள் போவது வளி. பெற்றோலையும் வளியையும் கலக்கும் காபரேற்றரின் நடுவில் ஒடுங்கிய பகுதியைத் தொண்டை என்றுதானே படத்தில் குறித்திருக்கிறீர்கள்? தொண்டைக்கு நல்ல பழஞ்சொல் மிடறு. தொல்காப்பியப் பிறப்பியலின் முதற் சூத்திரத்திலேயே உந்தியிலிருந்து எழும் வளியும் அது தங்கும் மிடறும் சேர்ந்து வருகின்றன. ‘மிடறடைப்பி’ என்று வையுங்கள். ‘அடைப்பி’யில் உள்ள இகர விகுதி கருவிப் பொருளுக்கும் பொருந்தும்.

தலைப்பில் ‘குளிர்’ என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். நம் பக்கத்தில் வாடைக்காற்று வீசும்போது ‘கூதல் அடிக்குது’ என்றுதான் சொல்கிறோம். அது கூதிரோடு உறவுடைய சொல். ஆறு பெரும்பொழுதில் ஐப்பசி, கார்த்திகைக்கு உரியது கூதிர். நம் மாரி தொடங்குவதும் அப்போதுதான். ‘கூதல் தொடக்கம்’ என்றால் சொல்லும் காலமும் சேர்ந்து வரும்.

திருத்துநர், கல்முனை:

சேர், ஐயா, இரண்டு பேருக்கும் ஒரு விசயம். சோக் என்று நாம் சொல்வதில் ரெண்டு சாதி இருக்கு. சொல் வைக்க முதல் அதைப் பிரிச்சுப் பாருங்க.

ஒன்று தகட்டுச் சோக். ஹொண்டா சி 90, சிடி 125 மாதிரிப் பழைய பைக்குகளில் இருப்பது. லீவரைப் போட்டால் காபரேற்றர் வாயில் ஒரு தகடு திரும்பிக் காற்று வரும் வழியை மறைக்கும். காற்றுக் குறைய, பெற்றோல் வருகிற நுண்துளையான ஜெட்டில் எஞ்சினின் உறிஞ்சல் கூடும், பெற்றோல் கூட வரும். இதுக்கு ‘அடைப்பி’ சரி.

மற்றது ஊசிச் சோக். பல்சர் 150 இன் காபரேற்றரில் இருப்பது. அதில் தகடே கிடையாது. ஸ்பிரிங் வைத்த சின்னப் பித்தளைத் தண்டு ஒன்று மேலே எழும்பி, பக்கத்தால் போகிற தனித் துவாரத்தைத் திறந்து விடும். அந்த வழியால் பெற்றோல் கூடின கலவை எஞ்சினுக்குப் போகும். இங்கே எதுவும் அடைபடவில்லை, திறபடுகிறது. இதையும் ‘மிடறடைப்பி’ என்று எழுதினால், கழற்றிப் பார்க்கிற பொடியன் இல்லாத தகட்டைத் தேடிக்கொண்டு இருப்பான்.

எது என்று கண்டுபிடிப்பது லேசு. எயர் ஃபில்டர் குழாயைக் கழற்றிப் போட்டு, காபரேற்றர் வாயைப் பார்த்துக்கொண்டு லீவரை ஆட்ட வேணும். தகடு அசைந்தால் முதலாவது, ஒன்றும் அசையாவிட்டால் இரண்டாவது.

வித்தியாசம் பேரில் மட்டும் இல்லை. ஊசிச் சோக்கில் அக்சிலேற்றரைத் தொடவே கூடாது. திருகினால் அந்தத் துவாரத்தில் உறிஞ்சல் குறைந்துபோகும், சோக் போட்டும் போடாத மாதிரித்தான். தகட்டுச் சோக்கில் துளி திருகினால் பரவாயில்லை.

மொழிபெயர்ப்பாளர், அக்கரைப்பற்று:

கல்முனை நானா சொன்னதை வாசித்த பிறகு என் வரைவை நானே விலக்கிக்கொள்கிறேன். ஆனால் மிடறும் எனக்குச் சம்மதமில்லை. பாடப்புத்தகத்தில் பிஸ்டனை ‘முசலம்’ என்றுதான் படிப்பிக்கிறோம். உலக்கைக்கான வடசொல் அது. பரீட்சையில் எழுதுகிற பிள்ளை கராஜ் வாசலைத் தாண்டியதும் பிஸ்டன் என்கிறது. இரண்டு மொழி வாழ்க்கை அது. சோக்கிலும் அதே பிளவை நாம் உண்டாக்க வேண்டுமா? ‘சோக்’ என்றே எழுதிவிட்டு, வேலையை ஒரு வரியில் விளக்கினால் போதும் என்பது என் நிலைப்பாடு.

தமிழாசிரியர், காரைதீவு:

மகள், ‘சோக்’ என்று விட்டால் எந்தச் சோக்? டியூப் லைட்டிலும் சோக் இருக்கிறது. ‘சோக்கான சட்டை’ என்கிறோமே, அது உருதுவின் ‘ஷௌக்’ வழி வந்தது, விருப்பம் என்று பொருள். ஒரே எழுத்துக்கூட்டில் மூன்று பொருள். 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். கடினம் என்பதற்காகச் சொல்லாக்கத்தைக் கைவிடுவது எனக்கு உடன்பாடில்லை. முசலம் வேர்விடாமல் போனதற்குக் காரணம் அது தமிழாக இல்லாததுதான்.

இரசாயனவியல் ஆசிரியர், ஏறாவூர்:

வேலையிலிருந்து சொல்லைப் பிறப்பிக்கலாமே. பெற்றோல் முழுமையாக எரிய, திணிவின்படி ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு வளி வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் பெற்றோல் சரியாக ஆவியாவதில்லை. ஒரு பகுதி உள்ளிழு குழாயின் சுவரில் திரவமாகவே ஒட்டிக்கொள்கிறது. அனுப்பிய அளவு சரியாக இருந்தாலும் பொறி தரும் பிளக்கின் நுனியில் எரியக்கூடிய ஆவி போதாது. அதை ஈடுசெய்யத்தான் சோக் பெற்றோலைக் கூட்டுகிறது. தகடானாலும் தண்டானாலும் பயன் ஒன்றே, கலவை செறிவாகிறது.

செறிந்த அமிலம், ஐதான (நீர்த்த) அமிலம் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதேபோலச் செறிந்த கலவை, ஐதான கலவை. கருவிக்குச் ‘செறிவூட்டி’. இரண்டு வகையையும் இது தாங்கும்.

தமிழாசிரியர், காரைதீவு:

‘ஐதான’ என்பதை எடுத்துக் காட்டியதற்கு நன்றி. ஐது என்றால் மெல்லியது, நுண்ணியது. சங்கச் செய்யுளில் பயின்ற சொல் ஆய்வுகூடத்தில் அமிலப் போத்தலின் மேல் வாழ்கிறது. மிடறும் அப்படி வாழலாம் என்பதே என் வாதம். ‘செறிவூட்டி’ சத்துமாப் பைக்கற்றில் இருக்க வேண்டிய சொல்லாக என் காதில் விழுகிறது.

திருத்துநர், கல்முனை:

பேரை நீங்கள் முடிவெடுங்க. எனக்குப் பயம் வினையில்தான். வரைவில் 2ஆம் படி ‘சோக்கை மூடுக’ என்று இருக்கு. தகட்டுச் சோக்கில் மூடுவது என்றால் பெற்றோல் கூடும். ஊசிச் சோக்கில் மூடுவது என்றால் பெற்றோல் நிற்கும். ஒரே வரி, இரண்டு பைக்கில் நேர்மாறான வேலை. கராஜில் ‘சோக்கைப் போடு’, ‘சோக்கை எடு’ என்போம். அதில் குழப்பமே வராது. படிகளை அந்த வினையில் திருத்தி எழுதியிருக்கிறேன்:

முதலில் பார்க்க வேண்டியவை எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச், சைட் ஸ்டாண்ட் சுவிட்ச், பெற்றோல் குழாயின் திறப்பு. இவை சரியென்றால் சோக்கைப் போடுக. ஊசிச் சோக்கானால் அக்சிலேற்றரைத் தொடாமல் கிக் பண்ணுக. எஞ்சின் பிடித்து, ஒரு நிமிடத்துக்குள் ஓட்டம் சீரானதும் சோக்கை எடுக்க. போட்டபடியே ஓடினால் பிளக்கில் கரி படியும், சிலிண்டர்ச் சுவரில் உள்ள எண்ணெயைப் பெற்றோல் கழுவிவிடும்.

பிடிக்காவிட்டால் கிக்கரை மிதித்துக்கொண்டே இருக்காமல் பிளக்கைக் கழற்றிப் பார்க்க. காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. காபரேற்றர் அடியிலுள்ள வடிகால் திருகாணியைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்தால், தண்ணீர் இருந்தால் அடியில் முத்து முத்தாக நிற்கும். பெற்றோலை விடத் தண்ணீர் கனம். அரைத் தாங்கியோடு மாரியில் நிற்கிற பைக்கில் இது அடிக்கடி நடக்கும். பிளக் நனைந்திருந்தால் பெற்றோல் மிஞ்சிவிட்டது. துடைத்துக் காயவைத்துப் பூட்டி, சோக்கை எடுத்து, அக்சிலேற்றரை முழுக்கத் திருகிப் பிடித்துக் கிக் பண்ணுக.

பிளக்கில் பொறி இல்லையென்றால் நம் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது பிளக் மூடி. குளிர் இல்லை, ஈரம். வாவிக் காற்றில் உப்பும் சேர்ந்து மூடிக்குள் பச்சை பிடிக்கும், பொறி நுனிக்குப் போகாமல் ஈரத்தின் வழியே பைக்கின் இரும்பு பொடிக்கு (body) கசியும். செல்ஃப் சோர்ந்து சுற்றினால் பற்றரி. ஓய்வில் 12.6 வோல்ட் இருக்க வேணும், செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் அது தாங்காது. நுவரெலியாக் குளிரில் பற்றரியின் பலமும் குறையும், எண்ணெயும் தடிக்கும். இரண்டும் ஒரே நேரத்தில்.

இன்னொன்று. சூடான எஞ்சின் திரும்ப ஸ்டார்ட் ஆகாமல், கரும்புகை தள்ளி, பெற்றோலும் குடித்தால், ஊசிச் சோக்கின் தண்டு நுனி ரப்பர் தேய்ந்திருக்கும். அல்லது கேபிளில் தளர்வு விடாமல் இறுக்கியதால் தண்டு முழுக்க இறங்கி உட்காரவில்லை.

மொழிபெயர்ப்பாளர், அக்கரைப்பற்று:

போடுக, எடுக்க. இதைவிடத் தெளிவு இல்லை. அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் சோக்கே இல்லை, எஞ்சினின் வெப்பநிலையை உணரி சொல்ல, கணினியே பெற்றோலைக் கூட்டுகிறது. அந்த இடத்தில் ‘தானாகச் செறிவூட்டும்’ என்று எழுத இந்தச் சொல் கைகொடுக்கிறது. அதனால் ‘செறிவூட்டி’க்கு நானும் வருகிறேன், ‘சோக்’ முன்னால் நிற்பதானால்.

பயிற்றுநர், மட்டக்களப்பு:

வியாழன் இரவாகிவிட்டது. பெரும்பான்மை இப்படி நிற்கிறது: படிகளில் ‘சோக்’. விளக்கத்தில் முதல்முறை ‘சோக் எனப்படும் செறிவூட்டி’. அதன் கீழ் தகட்டு வகை, ஊசி வகை என இரண்டு படங்கள். வினை போடுக, எடுக்க. தலைப்பில் ‘குளிர்’ அப்படியே இருக்கும். ‘கூதல்’ மலையகத்துப் பிள்ளைகளுக்கு விளங்குமோ என்ற ஐயத்தால் விட்டிருக்கிறேன். பிளக் மூடியின் ஈரத்தைப் பற்றிய பகுதியைப் பாடத்தின் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். இங்கே படிக்கிறவர்களுக்கு அதுதான் முதலில் உதவும்.

தமிழாசிரியர், காரைதீவு:

அச்சுக்குப் போகட்டும், தடுக்கமாட்டேன். வினையில் திருத்துநர் சொன்னதே சரி. ஆனால் பெயர்ச்சொல்லில் என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். பதிவு வெறும் பேச்சோடு நிற்காமல், சொற்பட்டியலில் தகட்டு வகைக்கு எதிரே ‘மிடறடைப்பி’ என்று அடைப்புக்குள்ளாவது போடுங்கள். அந்த வகைக்குப் பொருள் பிசகவில்லை என்று திருத்துநரே ஒப்புக்கொண்டார். கூதலுக்கு அடுத்த பதிப்பில் வருகிறேன்.

திருத்துநர், கல்முனை:

தகட்டு வகைக்குப் போடலாம், எனக்குத் தடை இல்லை. சேர், 3ஆம் படத்தில் அம்புக்குறி ஐட்லிங் திருகாணியைக் காட்டுது. வடிகால் திருகாணி அதுக்குக் கீழே, மிதவைக் கிண்ணத்தின் அடியில். அச்சுக்கு முன்னம் மாற்றிவிடுங்க.