லத்தீன் 'எத்': 'மற்றும்' என்று போட்டால் இடிக்கிறதே?

கேள்வி:
அச்சகத்தில் பிழைதிருத்துகிற ஆள் நான். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் லத்தீன் படிக்கிறேன், எட்டு மாதமாக. ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் காவியம் 'ஈனியிட்', இரண்டாம் பகுதி, 49ஆம் அடியில் மாட்டிக்கொண்டேன். டிராய் நகருக்கு வெளியே கிரேக்கர் விட்டுப்போன மரக்குதிரையைப் பார்த்து டிராய்ப் பூசாரி லாவோகூன் சொல்வது:

திமேயோ தனாவோஸ் எத் தோனா ஃபெரெந்தெஸ்.

திமேயோ, அஞ்சுகிறேன். தனாவோஸ், கிரேக்கரை. எத், மற்றும். தோனா, பரிசுகள். ஃபெரெந்தெஸ், கொண்டுவருகிறவர்கள். ஆக, "கிரேக்கரையும் பரிசு கொண்டுவருகிறவர்களையும் கண்டு அஞ்சுகிறேன்." குதிரையை விட்டுப்போனதே கிரேக்கர்தானே? அந்த இரண்டாவது கூட்டம் எங்கிருந்து வந்தது? அதோடு, ஃபெரெந்தெஸ் எழுவாய் வடிவம் மாதிரியும் இருக்கிறது.

பதில் 1:
முதலில் வினைமுற்றைப் பிடியுங்கள். திமேயோ தன்மை ஒருமை, எழுவாய் 'நான்' அதற்குள்ளேயே இருக்கிறது. பன்மையான ஃபெரெந்தெஸ் அதற்கு எழுவாய் ஆகாது. இந்தச் சொல்லுக்கு முதல் வேற்றுமைப் பன்மையும் இரண்டாம் வேற்றுமைப் பன்மையும் ஒரே வடிவம், அதுதான் உங்களைக் குழப்பியது. பல பதிப்புகளில் 'ஃபெரெந்தீஸ்' என்றே இருக்கும். அது பழைய இரண்டாம் வேற்றுமைப் பன்மை. அப்படி அச்சிட்டிருந்தால் இந்தச் சந்தேகமே வந்திருக்காது. எனவே அது தனாவோஸுக்கு அடை. தோனா அந்த எச்சத்துக்குச் செயப்படுபொருள், திமேயோவுக்கு அல்ல.

பதில் 2:
எத் இங்கே 'மற்றும்' இல்லை, 'கூட'. பிழைதிருத்துகிறவருக்கு இதைச் சொல்வது சுலபம்: நம் 'உம்' மாதிரிதான். 'இரவும் பகலும்' என்றால் எண்ணும்மை. 'குறவரும் மருளும் குன்றம்' என்றால் சிறப்பும்மை. மலையிலேயே பிறந்து வளர்ந்த குறவர்கூடத் திகைக்கும் குன்றம். நீங்கள் எண்ணும்மை போட்டீர்கள், வர்ஜில் வைத்தது சிறப்பும்மை. கிரேக்கர் ஒரே கூட்டம்தான், கையில் பரிசு இருக்கும்போதும்.

கேட்டவர்:
அட, 'உம்'மிலேயே சறுக்கினேனா! நாள் முழுக்க மற்றவர்களுடைய 'மற்றும்'களை அடித்துத் தள்ளுகிறவன் நான். சரி, இப்படி: "பரிசோடு வந்தாலும் கிரேக்கர் என்றால் எனக்குப் பயம்தான்."

பதில் 1:
பொருள் சரி. ஆனால் அடியின் முன்பாதியை விட்டுவிட்டீர்கள்: க்வித்க்வித் இத் எஸ்த், 'அது என்னவாக இருந்தாலும்'.

கேட்டவர்:
அதைச் சேர்த்தால் 'இருந்தாலும்', 'வந்தாலும்' என்று அடுத்தடுத்து வருகிறது, என் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடுகிறது. "அது எதுவோ இருக்கட்டும், பரிசோடு வந்தாலும் கிரேக்கர் என்றால் எனக்குப் பயம்தான்." இதை நோட்டில் ஏற்றிவிட்டேன். அடுத்தது 50ஆம் அடி, ஈட்டியை எறியப்போகிறார்.