புதுப்பிப்பு: ஓ-பாலிசாக்கரைடு என்.எம்.ஆர். நிறமாலையில் மிகுதியான குறிகைகள்: காரணம் தெரிந்தது

கடலூர் உப்பனாற்றுக் கழிமுகத்திலிருந்து பிரித்தெடுத்த விப்ரியோ பாக்டீரியா ஒன்றின் ஓ-பாலிசாக்கரைடின் (செல்லின் மேற்பரப்பில், ஒரே சர்க்கரை அலகு திரும்பத் திரும்ப வரும் சங்கிலி) அணுக்கரு காந்த ஒத்ததிர்வு (என்.எம்.ஆர்.) நிறமாலையில், சர்க்கரைப் பகுப்பாய்வுக்குப் பொருந்தாத அளவில் அனோமெரிக் குறிகைகள் (சர்க்கரைகளின் முதல் கார்பன் தருபவை) மிகுந்திருப்பது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். மறுமொழி தந்த அனைவருக்கும் நன்றி. பலனளித்தது, ஓ-அசெட்டைல் தொகுதிகளை (சர்க்கரையின் ஆக்சிஜனில் இணைந்த அசெட்டைல்) நீக்கிப் பார்க்கச் சொன்ன புதுச்சேரி நண்பரின் யோசனைதான்.

அசெட்டைலை நீக்க, மாதிரியின் ஒரு பகுதியை 12% அம்மோனியா நீர்க்கரைசலில் 37 டிகிரி செல்சியஸில் இரவு முழுவதும் வைத்து, ஜெல் வடிகட்டலில் தூய்மைப்படுத்தி மீண்டும் நிறமாலை எடுத்தபோது, 2.1 முதல் 2.2 பிபிஎம் (நிறமாலையில் குறிகையின் இடத்தைச் சொல்லும் அளவு) வரையிலான அசெட்டைலின் மெத்தில் குறிகை மறைந்தது, 5.2 பிபிஎம் அருகிலிருந்த ராம்னோஸ் என்ற சர்க்கரையின் இரண்டாம் புரோட்டான் குறிகை ஏறத்தாழ 1 பிபிஎம் மேற்புலத்துக்கு (குறைந்த பிபிஎம் பக்கம்) நகர்ந்தது. சங்கிலியின் எல்லா அலகுகளிலும் அல்லாமல் சிலவற்றில் மட்டும் அந்த அசெட்டைல் இருந்ததால், ஒரே சர்க்கரை இருவேறு குறிகைகளைத் தந்ததே குழப்பத்துக்குக் காரணம். நீக்கிய அசெட்டைல் திரும்பாது என்பதால், இதே வழியில் செல்வோர் மூல மாதிரியின் இருபரிமாண நிறமாலைகளை முன்னதாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

எதிர்பாராத சிக்கல் ராம்னோஸின் ஆல்பா, பீட்டா அமைப்பில் (முதல் கார்பனின் பிணைப்பு எப்பக்கம் நோக்குகிறது என்பதில்) எழுந்தது. வழக்கமாக இதைக் காட்டும், முதல், இரண்டாம் புரோட்டான்களின் இணைப்பு மாறிலி (குறிகை பிளவுபடும் அளவு) ராம்னோஸில் இரண்டு அமைப்பிலும் சிறியதே. அதனால் முதல் கார்பனுக்கும் அதன் புரோட்டானுக்கும் இடையிலான மாறிலியை அளந்தேன். சுமார் 170 ஹெர்ட்ஸ் வந்ததால் ஆல்பா என்று உறுதியானது (பீட்டாவாயின் 160 அளவில் இருந்திருக்கும்). டி, எல் என்ற ஆடிப் பிம்ப வடிவங்களில் எது என்பதை 2-ஆக்டனால் கிளைக்கோசைடுகளின் வாயு நிறப்பகுப்பில் இனித்தான் பார்க்க வேண்டும்.