என்டோமென்ட் பொலிசிக்கு நட்டஈடு தாறம் எண்டு கடிதம், கணக்கு சரியோ? (2005)

ஹரோவாசி:
வணக்கம். 1993ல வீடு வாங்கேக்க 60,000 பவுண்ட்ஸ் மோர்ட்கேஜ் எடுத்தனான், 25 வருசம், வட்டி மட்டும் கட்டுறது, முதலை முடிவில அடைக்க என்டோமென்ட் பொலிசி (ஷெயார் மார்க்கெட்டில போடுற சேமிப்பும் லைஃப் இன்சூரன்ஸும் சேந்தது). முடிவில கடனும் அடைபடும், மிச்சக்காசும் கையில வரும் எண்டு வித்தவர் அடிச்சுச் சொன்னவர், ஷெயார் மார்க்கெட் விழுந்தா காசு காணாமப் போகும் எண்டு ஒரு சொல்லும் இல்லை. போன வருசம் சிவப்புக் கடிதம் வந்தது, 18,000 துண்டு விழுமாம். கொம்ப்ளெயின் பண்ண, பிழையாத்தான் வித்தது எண்டு ஒத்துக்கொண்டு இப்ப 2,980 தாறம் எண்டினம். 18,000 எங்க 2,980 எங்க? சைன் வைக்கவோ?

கணக்குப்புள்ள:
இப்போதைக்கு சைன் வேணாம். அந்த 18,000 வந்து 2018ல என்ன ஆகும்னு 4, 6, 8 சதவீத வளர்ச்சி வச்சு போடுற ஊகம், நட்டஈடு அத வச்சு போடறதில்ல. எஃப்எஸ்ஏ (பிரிட்டன்ல நிதி கம்பெனிகள கண்காணிக்கிற அமைப்பு) முறைல பாக்குறது, அன்னைக்கே ரீபேமென்ட் மார்ட்கேஜ் (வட்டியோட முதலும் மாசாமாசம் அடையுறது) எடுத்திருந்தா இன்னைக்கு எங்க இருந்திருப்பீங்கங்கிறதுதான். அதுல எவ்ளோ முதல் அடைஞ்சிருக்கும், உங்க பாலிசிய இன்னைக்கு சரண்டர் பண்ணா, அதாவது பாதில முடிச்சுக்கிட்டா, எவ்ளோ வரும், இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குறது நஷ்டம். அப்புறம் மாசாமாசம் எதுல அதிகமா கட்டுனீங்கன்னு பாப்பாங்க. கடிதத்தோட கணக்கு ஷீட் வந்திருக்கும், அத போடுங்க.

ஹரோவாசி:
ஷீட்டில: அடைபட்டிருக்கும் முதல் 16,600, சரண்டர் 12,900. வித்தியாசம் 3,700. மாசக்கட்டணம் ரீபேமென்ட் 424, அதோட லைஃப் இன்சூரன்ஸ் 9, மொத்தம் 433. நான் கட்டினது வட்டி 350, பிரீமியம் 78, ஆக 428. மாசம் 5 மிச்சம் பிடிச்சனாம், 144 மாசத்துக்கு 720ஐக் கழிச்சுப்போட்டினம்.

கணக்குப்புள்ள:
பாலிசி எடுத்தப்போ கல்யாணம் ஆயிருந்துச்சா?

ஹரோவாசி:
இல்லை, தனி ஆள். கலியாணம் 1997ல.

கணக்குப்புள்ள:
அப்போ அந்த 9 பவுண்ட் எதுக்கு? உங்கள நம்பி யாரும் இல்லாதப்போ லைஃப் கவர் தேவையே இல்லைன்னு வாதாடலாம். அத எடுத்துட்டா அந்தப்பக்கம் 424, நீங்க கட்டுனது 428, அதாவது நீங்கதான் மாசம் 4 கூட கட்டிருக்கீங்க, 576. கழிக்கிறது போய் சேர்க்கணும், 4,276 ஆச்சு, வட்டி தனி. கல்யாணத்துக்கு அப்புறம் கவர் தேவைப்பட்டிருக்கும்னு அவங்க சொன்னா 97க்கு பின்னாடி வர்ற மாசத்துக்கு மட்டும் பேசட்டும். அப்புறம் மிச்சம் பிடிச்சதா சொல்றத கூட உங்க நிலைமைக்கு அது நியாயமில்லன்னா கழிக்க கூடாது.

லூட்டன்_மச்சான்:
ப்ரோ, லெட்டர் போட்டு காலைல இருந்து ராத்திரி வரை போன் பண்ற கிளெய்ம் கம்பெனிக்காரன்கிட்ட மட்டும் போயிடாதீங்க, கால்வாசிய எடுத்துப்பான், அவன் பண்றதும் இதே ஒரு லெட்டர்தான். கம்பெனி கடைசி பதில் குடுத்த தேதில இருந்து ஆறு மாசத்துக்குள்ள ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மன்கிட்ட (இந்த மாதிரி புகார விசாரிக்கிற நடுநிலை அமைப்பு) போகணும், காசு கிடையாது. பாலிசிய உடனே சரண்டர் பண்ணாதீங்க, வித் ப்ராஃபிட்ஸ்னா (கம்பெனி லாபத்துல போனஸ் சேர்ற வகை) பழைய பாலிசிய வாங்குறவங்க இருக்காங்க, சில சமயம் கம்பெனி குடுக்கறத விட கூட கிடைக்கும்.

ஹரோவாசி:
சரி, முதல்ல லைஃப் இன்சூரன்ஸ் கணக்கை எடுக்கச் சொல்லி எழுதுறன். மறுமொழி வந்தா போடுறன்.