மட்டக்களப்பு வாவியில் ரிமோட் படகு ஓட்டுகிறவர்களே, உங்களுக்கு நேர்ந்ததை ஊர்ப் பெயரோடு எழுதுங்கள்

கல்லடி

பழுது பார்க்க என்னிடம் வரும் படகுகளில் பாதிக்கு மேல் "மோட்டர் எரிந்துவிட்டது" என்ற முறைப்பாட்டோடுதான் வருகின்றன. திறந்து பார்த்தால் மோட்டர் நன்றாகவே இருக்கும். செத்துக் கிடப்பது இஎஸ்சி என்கிற வேகக் கட்டுப்படுத்தி.

போன கச்சான் காற்றுக் காலத்தில் வந்த ஒன்றைச் சொல்கிறேன். 70 சென்ரிமீற்றர் நீளமான வி-அடிப் படகு, நான்கு செல் லிப்போ (லிதியம் பொலிமர்) பற்றரி, 2000 கேவி மோட்டர், அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2000 சுற்று. இஎஸ்சி 120 அம்பியர், புத்தம் புதியது. கொண்டுவந்த தம்பி, விற்றவன் போலிப் பொருளைத் தலையில் கட்டிவிட்டான் என்று கொதித்துக்கொண்டிருந்தார். நான் இஎஸ்சிக்கு நீர் கொண்டுபோகும் குளிரூட்டும் குழாயின் ஒரு முனையில் வாயை வைத்து ஊதினேன். காற்றுப் போகவில்லை. சுக்கானின் முன்விளிம்பில் நீர் ஏறுவதற்கு ஒரு சிறு துளை இருக்கிறதல்லவா, அதற்குள் பாசி நூல்நூலாக இறுகிப்போயிருந்தது. விற்றவன் மேல் பழியே இல்லை.

வெளிநாட்டுக் காணொளிகளில் இதைப் பற்றிப் பேசுகிறவர் குறைவு. அவர்கள் ஓட்டுவது குளிர்ந்த, தெளிந்த ஏரிகளில். நம் வாவியில் ஆனி, ஆடியில் முகத்துவாரம் மணலால் அடைபட்டுக் கிடக்கும்போது கரையோர நீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். பாசியும் அப்போதுதான் மண்டும். அந்தப் படகுக்கு நான் நீர் ஏறும் வழியை இரண்டாகப் பிரித்தேன். சுக்கானிலிருந்து வருவது இஎஸ்சிக்கு மட்டும், படகின் அடியில் போட்ட புதிய துளையிலிருந்து வருவது மோட்டருக்கு. இரண்டின் வெளியேற்றத்தையும் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் வைத்தேன். அந்த நீர்த்தாரை மெலிந்தால் உடனே கரைக்குத் திருப்ப வேண்டும். வெப்பமானி வாங்கப் பணம் செலவழிப்பவர்கள் முதலில் இதைச் செய்யலாம்.

உப்பும் சும்மா விடாது. மோட்டரைச் சுற்றியுள்ள அலுமினிய உறைக்குள் வெள்ளையாகப் படிந்துவிடும். நீர் கலந்த வினாகிரியை ஊசிக் குழாயால் ஏற்றிச் சற்று நேரம் விட்டு, நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவினால் போதும். ஊறப்போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள், அலுமினியத்தையும் தின்றுவிடும்.

காத்தான்குடி

என் கதை வலைக் கதை. மருமகனின் படகு மஞ்சந்தொடுவாய்ப் பக்கம் முழு வேகத்தில் போய், மிதப்புக் கட்டைகள் தெரியாமல் ஒரு வலைக்குள் ஏறிவிட்டது. நைலோன் இழை புரொப்பெல்லருக்கும் அதைத் தாங்கும் ஸ்ட்ரட்டுக்கும் இடையில் சுருண்டு, மோட்டர் நின்றுபோனது. தோணியில் வந்த வலைக்காரர் வயதானவர். திட்டவில்லை. ஆனால் மருமகன் கத்தியை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "வலையில் ஒரு கண்ணும் அறுபடக்கூடாது, உன் பொருளைக் கழற்று" என்றார். புரொப்பெல்லரைக் கழற்றி, இழையைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து எடுக்க மக்ரிப் பாங்கு சொல்லிவிட்டது. இப்போது எங்கே வலை கிடக்கிறதென்று தோணிக்காரர்களிடம் கேட்காமல் நாங்கள் படகை இறக்குவதில்லை. கேட்டால் அவர்களே இடம் காட்டுகிறார்கள். கவிழ்ந்த படகை இழுத்து வந்து தருகிறவர்களும் அவர்கள்தான்.

அந்த இழுபறியில் பின்பலகை வெடித்துவிட்டது. நான் மீன்பிடி வள்ளங்களுக்கு பைபர் வேலை செய்கிறவன் என்பதால் அது பெரிய காரியமில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். படகு பைபர் என்றால் வள்ளத்துக்குப் பூசும் பொலியஸ்ரர் ரெசினே போதும். ஏபிஎஸ் பிளாஸ்ரிக் படகுக்கு அதைப் பூசாதீர்கள். அதிலுள்ள ஸ்ரைரீன் பிளாஸ்ரிக்கை இளக்கிவிடும். அதற்கு எபொக்சி வேண்டும்.

அக்கரைப்பற்று

கல்லடி அண்ணன் பாசியிலும் உப்பிலுமே எல்லாப் பழியையும் போடுகிறார். நான் சாகாமம் குளத்தில் ஓட்டுகிறவன். உப்பு கிடையாது. இருந்தும் எங்கள் பக்கத்திலும் இஎஸ்சிகள் எரிகின்றன.

எங்களிடம் நடப்பது வேறு. 40 மில்லிமீற்றர் புரொப்பெல்லரோடு நன்றாக ஓடிக்கொண்டிருந்த படகுக்கு ஒருவர் 42 போட்டார். இரண்டு மில்லிமீற்றர்தானே என்று நினைத்தார். புரொப்பெல்லர் இழுக்கும் சக்தி, ஒரே சுழற்சி வேகத்தில், விட்டத்தின் ஐந்தாம் அடுக்கோடு ஏறும். 42ஐ 40ஆல் வகுத்து, வருவதை ஐந்து தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கிப் பாருங்கள்: 1.27க்கு மேல் வரும். கால் பங்குக்கும் அதிகமான சுமை! முதல் ஓட்டத்திலேயே புகை வந்தது.

வேகக் கணக்கையும் பலர் தவறாகப் போடுகிறார்கள். 2000 கேவியை நான்கு செல் பற்றரியின் 14.8 வோல்ட்டால் பெருக்கினால் நிமிடத்துக்கு 29,600 சுற்று. 40 மில்லிமீற்றர் புரொப்பெல்லரின் பிட்ச் விட்டத்தின் 1.4 மடங்கு என்றால் ஒரு சுற்றுக்கு 56 மில்லிமீற்றர் முன்னேற வேண்டும். கடதாசியில் மணிக்கு 99 கிலோமீற்றர். நீரில் மோட்டரின் சுற்றும் குறையும், புரொப்பெல்லரும் வழுக்கும். 65ஐத் தொட்டால் படகு நன்றாக அமைந்திருக்கிறது என்று பொருள். மீதியைப் பிடிக்கப் பெரிய புரொப்பெல்லர் தேடாமல், இருப்பதன் விளிம்பைத் தீட்டிச் சமநிலை பாருங்கள். ஈர்ப்பு மையம் பின்பலகையிலிருந்து படகு நீளத்தில் சுமார் 30 வீதத்தில் விழுகிறதா என்றும் பாருங்கள். பற்றரியை ஒரு விரல் முன்னே தள்ளியதும் மூக்குத் தூக்கித் துள்ளுவது நின்ற படகுகளைப் பார்த்திருக்கிறேன்.

கல்லடி

தம்பி சொல்வது சரி. சுமை ஏறினால் நீர் எவ்வளவு ஓடினாலும் பயனில்லை. ஆனால் 40இலேயே சூடாகிறதென்றால் மோட்டரையும் புரொப்பெல்லரையும் இணைக்கும் நெகிழ்கம்பித் தண்டைப் பாருங்கள். சுமையில் அது முறுக்கேறிக் குட்டையாகும். புரொப்பெல்லரைப் பிடிக்கும் டிரைவ் டொக்குக்கும் ஸ்ட்ரட்டுக்கும் இடையே 3 மில்லிமீற்றர் இடைவெளி விடாவிட்டால், இரண்டும் உரசிப் பிரேக் பிடித்ததுபோல் நிற்கும். அந்த உராய்வுக்கும் பற்றரிதான் பணம் கட்டுகிறது. வாவியில் ஓட்டிய அன்றே தண்டை உருவி, துடைத்து, கிறீஸ் பூசி வையுங்கள். மறுநாள் உருவப் பார்த்தால் துரு விடாது.

ஏறாவூர்

காக்காமாரே, பற்றரி பற்றி யாரும் எழுதவில்லையே. லிப்போ போன்ற லிதியம் அயன் பற்றரியைத் தனியாகப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரலிலிருந்து தடை. அதனால் வெளியிலிருந்து வருவது தாமதம், விலையும் கூட. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் மலிவு. செல் ஒன்று 3.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்வரை ஓட்டாதீர்கள். ஓட்டாத நாட்களில் 3.8இல் வையுங்கள்.

ஒரு நண்பரின் படகு கவிழ்ந்து உப்புநீர் புகுந்தது. வெளியே எடுத்ததும் அவர் இஎஸ்சியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பற்றரி இணைப்பைக் கழற்றவே இல்லை. இணைப்பியின் ஒரு முனை பச்சையாகி நுரைத்தது. முதலில் பற்றரியைப் பிரிக்க வேண்டும், பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும், துடைப்பதெல்லாம் அதன் பின்னர்தான். படகின் முன்பகுதியில் ரெஜிபோம் துண்டுகளை அடைத்திருந்ததால்தான் அது மிதந்து நின்றது. இல்லாவிட்டால் பற்றரியோடு சேர்த்துப் படகையும் தேடியிருப்போம்.

ரிசீவரின் அன்ரெனாவை மேல்தளத்துக்கு மேலே நிமிர்த்தி வையுங்கள். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை நீருக்குள் போகாது. தொடர்பு அறுந்தால் மோட்டர் நிற்கும்படி பெயில்சேப் போட்டிருக்கிறீர்களா என்று கரையிலேயே ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். கல்லடி அண்ணன், அந்த இரண்டு துளை வேலைக்கு எத்தனை மில்லிமீற்றர் குழாய் போட்டீர்கள்?

கல்லடி

உள்விட்டம் 4, சிலிக்கோன். மடங்கும் இடத்தில் சுருள்கம்பி ஒன்றைச் செருகுங்கள். வெயிலில் குழாய் இளகி நெரிந்துவிடும்.