கீசருக்குள் புட்டுக்குடம் கொதிக்கிற சத்தம், குழாயைத் திறந்தால் சுவரெல்லாம் அதிர்வு

மண்டைக்காடு டீச்சர்:

மாடிக் குளியலறையில் 25 லிட்டர் கீசர், 2,000 வாட். 2019-இல் மகள் பேறுகாலத்துக்கு வந்தபோது வாங்கியது. அதுவரைக்கும் எங்கள் வீட்டில் கொதும்பும் மட்டையும் எரித்துச் சருவத்தில்தான் வெந்நீர். அதை மாடிக்குச் சுமக்க ஆளில்லை என்றுதான் இதை மாட்டினோம்.

மூன்று மாதமாக ஒரு சத்தம். சுவிட்ச் போட்டு ஆறேழு நிமிடம் ஒன்றும் இருக்காது. அப்புறம் லேசாக ‘ஸ்ஸ்’ என்று ஆரம்பித்து, புட்டுக்குடத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிற மாதிரி ஆகும். நடுநடுவே ‘டொக், டொக்’ என்று யாரோ உள்ளேயிருந்து சுண்டுகிற சத்தம். சிவப்பு விளக்கு அணைந்ததும் ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும்.

இது போதாதென்று இன்னொன்று. வெந்நீர்க் குழாயைப் பாதி திறந்தால் ‘ர்ர்ர்ர்’ என்று சுவரே நடுங்குகிறது. கண்ணாடித் தட்டில் வைத்த சோப்புப் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, போன வாரம் கீழேயே விழுந்துவிட்டது. நேர் கீழறையில் படுத்திருக்கும் மாமியார், “மேல என்ன மாவு மில்லா வச்சிருக்க?” என்று கேட்கிறார்.

சர்வீஸ் ஆள் ஒருவர் வந்தார். மூடியைக்கூடக் கழற்றவில்லை. பலாப்பழம் பழுத்ததா என்று பார்க்கிற மாதிரி இரண்டு தட்டு தட்டிவிட்டு, “டேங்க் போச்சு, புதுசு வாங்குங்க” என்றார். வந்துபோன கூலி 450 ரூபாய்.

கோவில் மாசிக் கொடைக்கு வீடு நிறைய ஆள் வரும். இது வெடிக்குமா, வெடிக்காதா? அதை மட்டுமாவது யாராவது சொல்லுங்கள்.

குலசேகரம் ரப்பர்காரன்:

டீச்சர், ஆறேழு வருஷம் உழைத்தாயிற்று. தூக்கிக் காயலான் கடையில் போட்டுவிட்டு மொட்டைமாடியில் சோலார் வையுங்கள். எங்கள் பக்கம் மழை விட்டால்தானே சோலார். உங்களுக்குக் கடற்கரை வெயில் சும்மா கிடக்கிறது.

குழித்துறை பிளம்பர்:

சோலாருக்கும் அதே தண்ணீர்தானே அண்ணே போகப்போகிறது? அதிலும் உப்பு கட்டத்தான் செய்யும்.

டீச்சர், உங்கள் வீட்டில் இரண்டு நோய் இருக்கிறது. ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். குழாயெல்லாம் மூடியிருக்கும்போது, சூடேறுகிற நேரத்தில் மட்டும் வருகிற சத்தம் தண்ணீரைச் சூடாக்குகிற காயிலில் கட்டிய பொருக்கு. போர் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து, தண்ணீர் சூடாக ஆகப் பிரிந்து காயில் மேலேயே படியும். பொருக்குக்கும் காயிலுக்கும் நடுவில் சிக்கிய கொஞ்சம் தண்ணீர் மட்டும் அதிகமாகக் காய்ந்து ஆவியாகும். அந்தக் குமிழி வெளியே வந்து சுற்றியிருக்கிற ஆறின தண்ணீரில் பட்டதும் பட்டென்று உடையும். நீங்கள் கேட்கிற தளதளப்பு அதுதான். ‘டொக்’ என்பது பெரும்பாலும் பொருக்கு வெடித்து அடியில் விழுகிற சத்தம்.

குழாயைத் திறக்கும்போது வருகிற அதிர்வு வேறு சங்கதி. அதற்குச் சில கேள்வி. கீசரை அணைத்து வைத்துவிட்டுத் திறந்தாலும் அதிர்கிறதா? பிரஷர் பம்ப் உண்டா? கீசருக்குக் கீழே தண்ணீரைத் திறந்து மூடுகிற ஆங்கிள் காக் திருகித் திருகித் திறக்கிற பழைய மாதிரியா, கால் திருப்பில் திறப்பதா? பக்கத்தில் சேஃப்டி வால்வு இருக்கும், அதன் வாயில் சொட்டுக் குழாய் போட்டிருக்கிறதா?

காயில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நீங்களே பார்க்கலாம். ஈரமில்லாத மரப்பிடி அகப்பை ஒன்றை எடுத்து, ஒரு நுனியைக் கீசரின் வெளி மூடியில் வைத்து மறுநுனியைக் காதுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். கரண்ட் ஓடுகிற பொருள், ஈரத் தரை.

மண்டைக்காடு டீச்சர்:

அகப்பை வைத்துப் பார்த்தேன். பேரன் சிரித்து உருண்டான். அடிப்பக்கம்தான் சத்தம், மேலே ஒன்றுமில்லை.

கீசர் அணைந்திருந்தாலும் குழாய் அதிர்கிறது. கொழுந்தனார் போன வருஷம் பிரஷர் பம்ப் மாட்டினார், அதற்கு முன்பு அதிர்வு இருந்த ஞாபகம் இல்லை. ஆங்கிள் காக் திருகுகிற மாதிரிதான். கிணற்றில் உப்பு ஏறிய பிறகு போர் தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும். சோப்பு நுரைக்காது, கெட்டில் அடியில் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். கடினத்தன்மை 540 என்று ஒருமுறை சோதித்த தாளில் இருக்கிறது.

சேஃப்டி வால்வு சொட்டிக்கொண்டே இருந்தது. தரை எப்போதும் ஈரமாக இருக்கிறது, மாமியார் வழுக்கிவிடுவார் என்று கொழுந்தனார் அதன் வாயில் ஒரு மூடியைத் திருகிவிட்டார். இப்போது சொட்டு இல்லை.

பழைய லைன்மேன், தக்கலை:

டீச்சரம்மா, இதைப் படித்ததும் சுவிட்சை அணையுங்கள். அணைத்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

சத்தத்தால் கீசர் வெடிக்காது. அந்த மூடியால் வெடிக்கலாம். 25 லிட்டர் தண்ணீர் காலைக் குளிரிலிருந்து 65 டிகிரி வரைக்கும் சூடேறும்போது கிட்டத்தட்ட 400 மில்லி விரியும், இரண்டு டம்ளர் என்று வையுங்கள். வால்வுக்குள்ளேயே தண்ணீரைத் திரும்ப விடாத தடுப்பு இருப்பதால் அந்த 400 மில்லி வந்த வழியே போக முடியாது. குழாயும் மூடியிருந்தால் அது சொட்டு வாயில் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சூடேறும்போது சொட்டுவது கோளாறே இல்லை, அதன் வேலையே அதுதான். வீட்டுக் கீசரில் அந்த வால்வு சாதாரணமாக 8 பாரில் திறக்கும். உங்கள் மொட்டைமாடித் தொட்டி நாலு மீட்டர் உயரத்தில் இருந்தால் அது தருவது 0.4 பார், பம்ப் சேர்த்தாலும் 8 பக்கம் வராது. ஆனால் மூடிய டேங்கில் சூடு தருகிற அழுத்தம் அப்படியில்லை. சூடு போதுமானதும் கரண்டை நிறுத்துகிற தெர்மோஸ்டாட் ஒருநாள் ஒட்டிக்கொண்டு அணையாமல் போனால், அப்புறம் சூடு மீறினால் கரண்டை வெட்டுகிற கட்-அவுட் ஒன்றுதான் மிச்சம். அதையும் நம்பி மூடி போடுவது, சோற்றுப் பானையை இறுக்கிக் கட்டி அடுப்பில் ஏற்றுகிற வேலை.

மூடியைக் கழற்றி, அங்கே ஒரு சின்ன டியூப் மாட்டித் தரைச் சல்லடைக்கு இறக்கிவிடுங்கள். மாமியாரும் வழுக்க மாட்டார். குளிர்ந்து கிடக்கும்போதும் நாள் முழுக்கச் சொட்டினால் வால்வு பழுது, மாற்றுங்கள்.

பொருக்கு எடுக்க ஆள் வரும்போது பக்கத்தில் நில்லுங்கள். சுவரில் உள்ள சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, மெயின் பெட்டியில் அந்த லைனை வெட்டுகிற எம்சிபியை இறக்கச் சொல்லுங்கள். பாத்ரூம் ஆசிட் ஊற்றிக் கழுவ விடாதீர்கள், காயிலைத் தின்றுவிடும். வினிகர், இல்லையென்றால் சிட்ரிக் ஆசிட் கரைத்த தண்ணீர் போதும். திறந்த கையோடு ஆனோடு கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். மெக்னீசியம் கம்பி அது, டேங்குக்குப் பதிலாகத் தானே அரிபட்டுச் சாவதற்கென்று வைத்தது. இத்தனை வருஷத்தில் உங்களுடையது செத்திருக்கும். தண்ணீர் ஒழுகாமல் அடைக்கிற கேஸ்கட்டைப் புதுசாகப் போடச் சொல்லுங்கள். பூட்டிய பிறகு வெந்நீர்க் குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் வந்த பின்தான் கரண்ட்; காலி டேங்கில் போட்டால் புதுக் காயிலும் போச்சு.

குழித்துறை பிளம்பர்:

லைன்மேன் அண்ணன் சொன்னதுதான் முதல் வேலை. மூடியை நான் எதிர்பார்க்கவில்லை.

அதிர்வுக்கு என் சந்தேகம் ஆங்கிள் காக். அந்த மாதிரியில் உள்ளே ஒரு ரப்பர் வாஷர், தண்டின் நுனியில். அது ஆடிப்போயிருந்தால் தண்ணீர் ஓடும்போது உதடு துடிக்கிற மாதிரித் துடிக்கும். முன்பு மெதுவாக வந்த தண்ணீரில் சும்மா கிடந்தது, பம்ப் தள்ளுகிற வேகத்தில் துடிக்கிறது. ஒருவர் குழாயைப் பாதி திறக்கட்டும், நீங்கள் ஆங்கிள் காக்கைக் கையால் பிடித்துக்கொண்டு கொஞ்சம் திருகிப் பாருங்கள். சத்தம் மாறினால் ஆள் அதுதான். மாறவில்லையென்றால் சுவரில் பைப் கிளிப் விட்டிருக்கிறதா என்று பார்க்கலாம்.

மண்டைக்காடு டீச்சர்:

எட்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

மூடியை அன்றைக்கே கழற்றிவிட்டோம். கொழுந்தனார் முகம் போன போக்கைப் பார்த்து நான் ஒன்றும் சொல்லவில்லை. டியூப் மாட்டிவிட்டார். காலையில் சூடேறும்போது சொட்டுகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது.

அதிர்வு ஆங்கிள் காக்தான். கால் சுற்று திருகினதும் ‘ர்ர்ர்’ போய் ‘ம்ம்ம்’ ஆனது, இன்னும் திருகினதும் நின்றது. உள்ளே இருந்த வாஷர் நடுவில் கிழிந்து, திருகாணி லூசாகி ஆடிக்கொண்டிருந்தது. திங்கள்நகர் கடையில் வாஷர் பத்து ரூபாய்.

கீசரைத் திறக்க ஊரில் உள்ள எலக்ட்ரீஷியன் தம்பி வந்தான். கழற்றுவதற்கு முன்பு வயர்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டான், அதைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. அடித் தட்டை இறக்கினதும் சிப்பி மாதிரி வெள்ளையும் பழுப்புமாகச் செதில் செதிலாகக் கொட்டியது. அள்ளிப் பார்த்தேன், நாலு சிரட்டை நிறைய இருந்தது. காயில் விரல் தடிமன் ஊதிப்போய், முறுக்கு மாதிரி. சிட்ரிக் ஆசிட் தண்ணீரில் போட்டதும் சோடா மாதிரிப் பொங்கியது, இரண்டு மணி நேரத்தில் செம்பு தெரிந்தது. ஆனோடு இருந்த இடத்தில் ஒரு கம்பி மட்டும்தான் மிச்சம். அது, கேஸ்கட், கூலி எல்லாம் சேர்த்து 1,150. டேங்கில் ஒரு ஓட்டையும் இல்லை.

தெர்மோஸ்டாட் 75-இல் இருந்தது, 60-க்கு இறக்கிவிட்டான். சூடு குறைந்தால் பொருக்கும் மெதுவாகத்தான் கட்டுமாம்.

இப்போது சுவிட்ச் போட்டால் லேசான ‘ஸ்ஸ்’ மட்டும். நேற்று காலை மாமியார் மாடிப்படி அடியில் நின்று, “கரண்ட் போச்சா?” என்று கேட்டார்.

பழைய லைன்மேன், தக்கலை:

540 தண்ணீருக்கு வருஷம் ஒருமுறை திறக்க வேண்டும் டீச்சரம்மா. அடுத்த மாசிக் கொடைக்கு முன்னால் என்று காலண்டரில் எழுதி வையுங்கள். அந்த மூடியைத் தூர எறிந்தீர்களா, வீட்டில்தான் இருக்கிறதா?

மண்டைக்காடு டீச்சர்:

கிணற்றில் போட்டாயிற்று.